22 ஆண்டுகள் பெயரில்லாமல்

அன்புள்ள ஐயா,

கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்ட சினிமாக்காரர்களுக்கு வேலை மறுத்த ஹாலிவுட் கறுப்புப் பட்டியல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு 'நீ கம்யூனிஸ்டா?' என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே? அதோடு, ஸ்டாலினை ஆதரித்தவர்களைக் கருத்துரிமைப் போராளிகள் என்பது சரியா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரு வார்த்தையோடு விட்டிருந்தால் சரி. விடவில்லையே! 'ஆமாம்' என்றதுமே அடுத்த கேள்வி, 'உன்னோடு கூட்டத்துக்கு வந்தவர்கள் யார் யார்?' 1951இல் நடிகர் லாரி பார்க்ஸ், தான் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டார். மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லாதீர்கள் என்று விசாரணைக் குழுவிடம் கெஞ்சினார். பிறகு மூடிய அறையில் வைத்துப் பெயர்களை வாங்கிவிட்டார்கள். அப்படியும் அவருடைய சினிமா வாழ்க்கை மீளவில்லை.

1947இல் இதே குழு கூப்பிட்ட சினிமாக்காரர்களில் பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். என் நம்பிக்கை என் சொந்த விஷயம், அதைக் கேட்கவே உனக்கு உரிமை இல்லை என்றார்கள். ஸ்டுடியோ முதலாளிகள் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் கூடி, இவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்தார்கள். பதில் சொல்ல மறுத்த குற்றத்துக்காக 1950இல் பத்துப் பேரும் சிறைக்குப் போனார்கள்.

அப்புறம் ஸ்டாலின். சோவியத்தில் எழுத்தாளர்கள் வதைபட்டபோது இவர்களில் பலர் பேசவில்லை. அது பெரிய குறை, நான் மறைக்கவில்லை. ஆனால் பத்துப் பேரில் ஒருவரான திரைக்கதை எழுத்தாளர் ஆல்பர்ட் மால்ட்ஸைப் பாருங்கள். எழுத்தாளனை அவன் எழுத்தை வைத்து எடைபோடுங்கள், அவன் எந்தக் குழுவில் இருக்கிறான் என்பதை வைத்து அல்ல என்று 1946 பிப்ரவரியில் ஓர் இடதுசாரி இதழில் எழுதினார். கட்சித் தோழர்கள் அவரைக் குதறி எடுத்தார்கள். ஏப்ரலில் அதே இதழில் 'நான் எழுதியது தவறு' என்று அவரே எழுத வேண்டி வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது. மறு ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் அதே மனிதரை அரசு கூப்பிட்டு நிறுத்தியது. இந்த முறை அவர் வளையவில்லை.

கட்சி அவரைப் பணியவைத்தது தப்பு என்றால் அரசு செய்ததும் தப்புதான். அதைக் காட்டி இதைக் கழித்துக்கொள்ள முடியாது.

சிறைக்குப் பிறகு மால்ட்ஸ் மெக்சிகோ போனார். 1950இல் வந்த 'ப்ரோக்கன் ஏரோ' படம் அவர் எழுதியது, கறுப்புப் பட்டியலால் திரையில் வந்ததோ நண்பர் ஒருவரின் பெயர். 1948க்குப் பிறகு 1970இல்தான் மால்ட்ஸின் பெயர் மறுபடியும் திரையில் வந்தது. 'ப்ரோக்கன் ஏரோ' அவருடையது என்று அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் திருத்தியது 1991இல். அவர் இறந்து அப்போது 6 வருடம் ஆகியிருந்தது.