மெக்கானிக்கல் டெக்னீஷியன் ஆக என்ன படிக்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்கிறான். வீட்டில் மிக்ஸி, மோட்டார் எது பழுதானாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டான். மெக்கானிக்கல் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பது அவன் விருப்பம். உறவினர்களோ ஐ.டி.ஐ. என்றாலே முகம் சுளிக்கிறார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினீயரிங் சேர்க்கச் சொல்கிறார்கள். எதில் சேர்ப்பது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: எந்திரம் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பொறியாளர் முடிவு செய்கிறார். அந்த வரைபடத்தைப் படித்து, பாகங்களை அளந்து, பொருத்தி, ஓட்டிப் பார்த்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்பவர் டெக்னீஷியன். பழைய வட ஆற்காடு மாவட்டப் பகுதியில் இவருக்கு வேலை இல்லாத ஊர் குறைவு. ராணிப்பேட்டையில் உள்ள பொதுத்துறை நிறுவனமான பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையில், அனல் மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரித்தெடுக்கும் சாதனங்களும் ராட்சத மின்விசிறிகளும் தயாராகின்றன. அரக்கோணத்தில் டயர் தொழிற்சாலை இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் தோலைப் பதனிடும் சுழல் டிரம் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் தோலில் ரசாயனம் சீராக ஏறாது. ஆகவே கியர்பாக்ஸின் ஓசை மாறும்போதே கோளாறை உணரக்கூடிய பராமரிப்பு ஆளுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

உங்கள் மகனுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் (பாகங்களைப் பொருத்துபவர்), டர்னர் (லேத் எனும் கடைசல் எந்திரத்தில் வேலை செய்பவர்), மெஷினிஸ்ட் (பிற எந்திரங்களில் உலோகத்தை வெட்டி வடிவமைப்பவர்) ஆகிய பிரிவுகள் இரண்டு ஆண்டுப் படிப்பு; வெல்டர் ஓராண்டு. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ மூன்று ஆண்டுகள். வேலூர் தொரப்பாடியிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் பெரும்பகுதி நேரம் ஒர்க்‌ஷாப்பில் கழியும். டிப்ளமோவில் பொருட்களின் வலிமை, வெப்பவியல், அளவியல், கணினி வரைவு என்று பாடங்கள் கூடுதலாகவும் கைவேலை சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

மகனுக்குக் கணக்கு தடையில்லாமல் வருமானால் நேரடியாக டிப்ளமோவில் சேருங்கள். கணக்கில் தயக்கமும் கைவேலையில் ஆர்வமும் உள்ள பையன் என்றால், ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மொத்தம் நான்கு ஆண்டுகள் ஆகும். ஆனால் கையும் படிப்பும் சேர்ந்து வளரும். உறவினர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இன்ஜினீயரிங் கதவு எதுவும் இதனால் மூடிவிடாது.

எந்த வழியில் போனாலும் இந்தத் தொழிலின் உயிர் அளவெடுப்பில்தான் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு துளைக்கு 25 எச்7 (25 மில்லிமீட்டர் அளவும், அதில் அனுமதிக்கப்படும் வித்தியாசத்துக்கான குறியீடும்) என்று குறித்திருந்தால் அதன் விட்டம் 25.000 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, 25.021-ஐத் தாண்டவும் கூடாது. அதில் சுழலப்போகும் தண்டுக்கு 25 ஜி6 என்று இருந்தால் அது 24.980-க்கும் 24.993-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதாவது இரண்டுக்கும் இடையே இருக்கக்கூடிய இடைவெளி 7 முதல் 41 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. பெரும்பாலோரின் தலைமுடித் தடிமனை விடக் குறைவு. 0.02 மில்லிமீட்டர் வரை மட்டுமே காட்டும் வெர்னியர் காலிப்பரை நம்பி இதைத் தீர்மானிக்க முடியாது. தண்டை, வெர்னியரை விட நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியாலும், துளையை, உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் (bore gauge) கருவியாலும் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் கருவியின் பூஜ்யப் பிழையை, அதாவது பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் வேறு அளவு காட்டுகிறதா என்பதை, சரிபார்க்க வேண்டும். இந்தப் பழக்கத்தை முதல் ஆண்டிலேயே ஊட்டும் ஆசிரியர் கிடைத்துவிட்டால் உங்கள் மகன் பாதி தூரம் கடந்துவிட்டான்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒருமுறை அந்த நிறுவனத்தின் ஒர்க்‌ஷாப்புக்குள் போய்ப் பாருங்கள். கட்டடத்தின் அழகு உங்களுக்குத் தேவையில்லை. லேத் எந்திரத்தின் டிரேயில் புதிதாக விழுந்த இரும்புச் சீவல் கிடக்கிறதா, ஒரு லேத்தைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள், வெர்னியர் மாணவர் கையில் இருக்கிறதா அலமாரிக்குள் பூட்டி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் இறுதியாண்டு படிக்கிறேன். காண்டிராக்டர் ஒருவர் உடனே வேலை தருவதாகச் சொல்கிறார். ஆசிரியர் அப்ரென்டிஸ் (ஆலையில் தொழில் பழகுநர் பயிற்சி) போகச் சொல்கிறார். எது நல்லது?
– வாசகர், ஆற்காடு

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வதே சரி. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால் கிடைக்கும் தேசியச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். ரயில்வேயில் லெவல் 1 (தொடக்க ஊதிய நிலை) பணியிடங்களில் 20 விழுக்காடு அப்ரென்டிஸ் முடித்தவர்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது. பெல் போன்ற பொதுத்துறை ஆலைகளும் ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரென்டிஸாக எடுக்கின்றன. ஆனால் பயிற்சி கொடுத்த ஆலையே வேலையும் கொடுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி ஒரு கட்டாயம் பொதுவாகக் கிடையாது.

வீட்டுச் சூழல் காரணமாக உடனே சம்பளம் வேண்டும் என்றால் காண்டிராக்ட் வேலைக்குப் போவதில் குறை ஒன்றும் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா, சம்பளச் சீட்டு தருவார்களா, உங்களை எந்த வேலையில் நிறுத்தப் போகிறார்கள் என்ற மூன்றையும் சேருமுன் கேட்டுவிடுங்கள். ஃபிட்டர் படித்தவரை மூட்டை ஏற்றி இறக்கும் வேலையில் விட்டால் ஓராண்டிலேயே கைப்பழக்கம் போய்விடும்.

கேள்வி: என் மகள் மெக்கானிக்கல் டிப்ளமோ கேட்கிறாள். பெண்களுக்கு வரைபட வேலை மட்டும்தானே கிடைக்கும்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இல்லை. தரப் பரிசோதனை, சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) எந்திர இயக்கம், அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் பணி என்று உடல் பலத்தை விடக் கவனமும் துல்லியமும் வேண்டிய வேலைகள் இத்துறையில் ஏராளம். தயங்காமல் சேருங்கள். அவர் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உதவிக்கு டிப்ளமோ மாணவிகளும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும் என்பதால், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றுகளைச் சேர்க்கையின்போதே கையில் வைத்திருங்கள்.