மதுரையில் வரத் தொடங்கியிருக்கும் நவீன வட இந்திய உணவகங்களில் உண்மையான தில்லிச் சுவை கிடைக்கிறதா?

கே.கே. நகர்ப் பக்கம் அண்மையில் நான் உண்ட ஓர் உணவகத்தை வைத்துச் சொல்கிறேன்: பருப்பில் கிடைத்தது, ரொட்டியில் பாதி கிடைத்தது, பன்னீரில் அறவே கிடைக்கவில்லை. வேலை நிமித்தம் சில ஆண்டுகள் தில்லியில் இருந்தவன் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

தில்லிச் சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவ்வூருக்கே வந்தேறிய சுவைதான். 1947 பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தில்லியின் தரியாகஞ்ச் பகுதியில் நடத்திய மோத்தி மகால் உணவகம்தான் தந்தூர் அடுப்புச் சமையலை உணவக மேசைக்குக் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தது. பட்டர் சிக்கனையும், கறுப்பு உளுந்தை வெண்ணெயில் குழைய விடும் தால் மக்கனியையும் முதலில் உருவாக்கியவர் யார் என்று அந்த உணவகத்தின் பங்குதாரர்களுடைய வாரிசுகளின் நிறுவனங்கள் 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடின. அந்தச் சமையலுக்குப் புதுக்கோலம் கொடுத்தவை 2009இல் தில்லியில் தொடங்கிய இந்தியன் அக்சென்ட் போன்ற உணவகங்கள். ‘நான்’ ரொட்டிக்குள் புளூ சீஸ் என்ற மேல்நாட்டுப் பாலாடைக்கட்டியை வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். நம் ஊருக்கு வந்து சேர்ந்திருப்பது பெரும்பாலும் அந்தக் கோலம் மட்டுமே: மண்சட்டிக்குப் பதில் கருங்கல் தட்டு, குல்பியைச் சுற்றி ட்ரை ஐஸ் புகை.

ஆனால் தால் மக்கனியில் கே.கே. நகர் உணவகத்தார் ஏமாற்றவில்லை. தோல் நீக்காத முழுக் கறுப்பு உளுந்தை இரவெல்லாம் ஊறவைத்து, குறைந்த தணலில் பல மணி நேரம் விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால்தான் உளுந்தின் வழவழப்பே குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். அவசரக்காரர்கள் குக்கரில் வேகவைத்துக் கிரீமை ஊற்றிச் சமாளிப்பார்கள், ஆறியதும் தண்ணீர் தனியாகவும் பருப்பு தனியாகவும் பிரிந்து அது காட்டிக்கொடுத்துவிடும். இங்கே கடைசிக் கரண்டி வரை பிரியவில்லை. உடன் வந்திருந்த உசிலம்பட்டி அம்மாச்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏப்பா, இது நம்ம தொலி உளுந்துதானே? களிக்குப் போடுறத இப்படி வெண்ணெயில கொழைய விட்டிருக்காங்க" என்றார். வயதுக்கு வந்த பெண்களுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த கை அது. அந்தச் சான்றிதழுக்கு மேல் எனக்கு வேறு வேண்டியதில்லை.

ரொட்டியின் கதை வேறு. தந்தூரின் உட்சுவர் நன்றாகக் காய்ந்திருந்தால் ஒட்டிய மாவு ஓரிரு நிமிடங்களில் வெந்து, மேலே கருகிய புள்ளிகளும் உள்ளே மென்மையும் கொள்ளும். சூடு போதாவிட்டால் அதே மாவு நெடுநேரம் கிடந்து காய்ந்து தோல்போல் ஆகிவிடும். மதியம் 12 மணிக்குச் சென்றபோது எனக்கு வாய்த்தது இரண்டாவது வகை. இன்னொரு நாள் இரவு 8 மணிக்குச் சென்றபோது அதே கைகள் சுட்ட ரொட்டி அருமையாக இருந்தது.

பன்னீர் வகைகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மூன்று பெயர்களில் வாங்கினோம், மூன்றும் ஒரே வெங்காய தக்காளிக் கிரேவி. இனிப்பு மட்டும் கூடக்குறைய இருந்தது.

ஆகவே இரவில் செல்லுங்கள். தாலும் தந்தூரி ரொட்டியும் மட்டும் வாங்குங்கள். புகைவிடும் குல்பியைக் குழந்தைகள் கேட்டால் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம், பெரியவர்களுக்குத் திரும்பும் வழியில் ஜிகர்தண்டா இருக்கிறது.