கடையில் ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பாருங்கள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 67. சர்க்கரை நோயால் நான்கு வருடமாகப் பார்வை அநேகமாக இல்லை. ஆனாலும் வீட்டுத் துணி முழுவதையும் அவர்தான் மெஷினில் போட்டு எடுப்பார். திருகுகிற நாப் வைத்த அந்தப் பழைய மெஷின் போன மாதம் பழுதாகிவிட்டது. கடையில் எங்கு பார்த்தாலும் கண்ணாடி மாதிரி வழவழப்பான டச் பேனல். கேட்டால், "ஆப் இருக்கு மேடம், போன்லயே ஓட்டலாம்" என்கிறார்கள். எதை வாங்குவது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மாமியாரையே கடைக்குக் கூட்டிப் போங்கள். மெஷினை ஓட்டப் போவது அவர். கை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வை இல்லாதவருக்கு விரல்தான் கண். பட்டன் எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடித்து, அப்புறம்தான் அழுத்துவார். டச் பேனலுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். தடவினாலே அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டைத் தேடிப் போகிற விரல், போகிற வழியில் வெந்நீரை ஆன் செய்து, ஸ்பின்னையும் மாற்றிவிட்டுப் போகும். அது நடந்ததுகூட அவருக்குத் தெரியாது, ஏனென்றால் எதைத் தொட்டாலும் அதே ஒரே 'பீப்'.

எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது அம்மா ஈரத்துணியால் துடைத்தார். துடைத்த துடைப்பில் சூடு ஏறிவிட்டது. அதிலிருந்து, "எனக்கு அதெல்லாம் வராதுப்பா" என்று அடுப்பைத் தொடுவதையே விட்டுவிட்டார். நானும் ரொம்ப நாள் அம்மாவுக்குத்தான் வரவில்லை என்று நம்பினேன். துடைப்பதற்கும் கட்டளை கொடுப்பதற்கும் வித்தியாசம் தெரியாத அடுப்பை விற்றவர்கள் மேல்தான் தப்பு என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கண்ணாடிப் பரப்பு என்றாலே இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். டச் போனில் இதைத் தீர்த்துக் காட்டியிருக்கிறார்கள். 2009-ல் ஐபோனில் வந்த, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் வாய்ஸ்ஓவர் வசதியில், ஒரு முறை தொட்டால் விரலுக்குக் கீழே இருப்பதன் பெயரைப் போன் சொல்லும். இரண்டு முறை தட்டினால்தான் வேலை நடக்கும். ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் அப்படியே. பார்ப்பது வேறு, செய்வது வேறு என்று பிரித்தார்கள். அதனால்தான் பார்வையற்ற லட்சக்கணக்கானவர்கள் இன்று வழவழப்பான போனில் பணம் அனுப்புகிறார்கள். வாஷிங் மெஷினில் இந்த அக்கறை இன்னும் வந்து சேரவில்லை.

சரி, கடையில் என்ன செய்வது? ஷோரூம் மெஷின்கள் பெரும்பாலும் பிளக் மாட்டாமல் நிற்கும். மாட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். நாப் உள்ள மாடல் ஒன்றிரண்டாவது இருக்கும், ஓரமாக வைத்திருப்பார்கள். அதிலும் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். பழைய நாப் ஓரிடத்தில் முட்டி நிற்கும், அங்கிருந்து எண்ணலாம். இப்போது வருவது முடிவில்லாமல் சுற்றும். அது பரவாயில்லை, ஆனால் ஆன் செய்யும்போதெல்லாம் முதல் புரோகிராமிலிருந்தே தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் 'டிக் டிக்' என்று மூன்று தடவை திருப்பினால் தினசரித் துணி, ஐந்து தடவை திருப்பினால் போர்வை என்று எண்ணியே ஓட்டிவிடுவார். கடைசியாக ஓட்டியதை நினைவில் வைத்துக்கொள்ளும் மாடல் என்றால் எண்ணிக்கை உதவாது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும். நீங்களும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். விற்பனையாளரையும் செய்யச் சொல்லுங்கள்.

டச் பேனல்தான் கிடைக்கும் என்றால், ஆன் பட்டன், ஸ்டார்ட் பட்டன் இரண்டுக்கு மட்டும் அடையாளம் வையுங்கள். எம்-சீல் ஒரு மிளகு அளவு உருட்டி ஒட்டினால் ஈரத்துக்கும் அசையாது. கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிடும். பட்டன் மேலேயே ஒட்டாதீர்கள், அதற்கு ஒரு விரல் கீழே, டச் இல்லாத இடத்தில் ஒட்டுங்கள். அப்போதுதான் தடவித் தேடும்போது மெஷின் ஓடாது. எல்லாப் பட்டனுக்கும் ஒட்டினால் எது எதுவென்று குழம்பிப் போகும்.

ஆப் விஷயத்தில் வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். மாமியார் போனில் டாக்பேக் ஆன் செய்து, அந்த ஆப்பைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பட்டனையும் தொடும்போது அதன் பெயர் வர வேண்டும். பெயரில்லாத வெறும் 'பட்டன், பட்டன்' என்று மட்டும் வந்தால் அந்த ஆப் அவருக்கு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 42-வது பிரிவு, அன்றாடம் பயன்படுத்தும் மின்னணுப் பொருள்கள் எல்லோருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கடமை அரசுக்கு. அதை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் மெஷினைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் "பார்வையில்லாதவங்களும் ஓட்டலாம்" என்று சொல்லி விற்றுவிட்டு அது பொய்யானால், அது நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. அதனால் அந்த வாக்கியத்தை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், அதுவே உங்களுக்குப் பதில்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 71. ஆன்லைனில் மருந்து வாங்கும்போது எழுத்தெல்லாம் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கிறது. விளம்பரத்தை மூட 'எக்ஸ்' குறியைத் தொட்டால் விளம்பரமே திறக்கிறது. போன வாரம் எனக்குத் தெரியாமலே ரூ.199 மெம்பர்ஷிப் சேர்ந்துவிட்டது. "நீங்கதான் பார்க்காம அமுக்கிட்டீங்க" என்கிறான் மகன். (வாசகர், விருதுநகர்)

பதில்: ஐயா, உங்கள் மேல் தப்பில்லை. மகனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வயதாக ஆகக் கண் லென்ஸ் மஞ்சளாகி, கண்மணியும் சுருங்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60-ல் போகிறது. வடிவமைப்பாளர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இணையத்துக்கான உலக அளவுகோலான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று வைத்திருக்கிறது. வெள்ளையில் வெளிர் சாம்பல் அதில் பாதிகூடத் தேறாது. சிறிய குறியைத் தொடுவது கடினம் என்பதும் 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அளந்து சொன்னதுதான்: குறி சிறுத்தால், தூரமானால், கை போய்ச் சேர நேரமாகும். தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கட்டும் என்று டபிள்யூசிஏஜியின் 2023 பதிப்பு சொல்கிறது.

போனில் செட்டிங்ஸ் போய் 'ஆக்சசிபிலிட்டி'யைத் திறங்கள். எழுத்தைப் பெரிதாக்கவும் அழுத்தமாகக் காட்டவும் அங்கே வசதி உண்டு. கை நடுக்கம் இருந்தால், தொட்டு எவ்வளவு நேரம் பிடித்தால் 'அழுத்திப் பிடித்தது' என்று கணக்கு என்பதையும் நீட்டிக்கொள்ளலாம்.

அந்த 199 ரூபாயை விடாதீர்கள். கேட்காமலே கூடையில் சேர்ப்பது, வெளியேறும் வழியை மறைத்து வைப்பது உட்பட 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது. முதலில் அந்த ஆப்பின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறீர்கள்தானே?

கேள்வி: பார்வையற்ற என் மகள் கல்லூரியில் சேர்கிறாள். லேப்டாப்போடு, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார் கடைக்காரர். அது இல்லாமல் தமிழ் படிக்காதாம். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதலில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டுப் பாருங்கள். 2006-ல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது. இலவசம், தமிழும் படிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும். ஆனால் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பை எந்த மென்பொருளும் தமிழாகப் படிக்காது, உளறும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான். கல்லூரியில் இப்போதே சொல்லி, குறிப்புகளை யூனிகோடில் கேளுங்கள்.

கேள்வி: விபத்தில் என் இமைகள் பாதிக்கப்பட்டன. வங்கியின் வீடியோ கேஒய்சியில் (வீடியோவில் அடையாளம் சரிபார்ப்பது) கேமரா முன் கண் சிமிட்டிக் காட்டச் சொல்கிறார்கள். சிமிட்ட முடியாததால் அது ஒவ்வொரு முறையும் தோற்கிறது. (வாசகி, சேலம்)

பதில்: இதே காரணத்துக்காக ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கிளைக்குப் போய், தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டு, மாற்று வழியில் கேஒய்சி முடித்துத் தரும்படி எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.