வாசகர் கேள்வி – பதில்: போகிறவர்களும் பெருகும் மாவட்டமும்

கேள்வி: எங்கள் தெருவில் முதியோரே மிச்சம், பிள்ளைகள் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போய்விட்டார்கள். ஆனால் குவாசூலு-நட்டாலில் எங்கள் ஊர் இருக்கும் உம்சின்யாதி மாவட்டத்தின் மக்கள்தொகை கூடியிருப்பதாகக் கணக்கெடுப்பு சொல்கிறது. எதை நம்புவது? – வாசகி, டண்டீ

பதில்: இரண்டையும் நம்பலாம். பிறப்பு, இறப்பு, வருகை, வெளியேற்றம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகையை மாற்றுகின்றன. 2001-இல் சுமார் 4.8 லட்சமாக இருந்த உம்சின்யாதி 2011-இல் சுமார் 5.1 லட்சமானது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டதால் டண்டீயும் கிளென்கோவும் பிழைப்பை இழந்தபோதிலும், உம்சிங்கா போன்ற நாட்டுப்புறப் பகுதிகளில் இளவயதினர் மிகுதி என்பதால், வெளியேறுவோரால் ஏற்படும் இழப்பை அங்கே பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஈடுகட்டிச் சற்று மிஞ்சியும் விடுகிறது. வெளியேற்றத்தின் தடயத்தை மொத்தத் தொகையில் தேடாமல், வேலை செய்யும் வயதில் ஆண்களைவிடப் பெண்கள் எவ்வளவு மிகுந்திருக்கிறார்கள் என்பதில் தேட வேண்டும்.

கணக்கெடுக்கும் முறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2011 அக்டோபர் 9-ஆம் நாள் நள்ளிரவில் ஒருவர் எங்கே தங்கினாரோ அங்கேதான் அவர் எண்ணப்பட்டார். கிறிஸ்துமசுக்கு ஊர் திரும்பி, வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டுப் போகும் கௌட்டெங் (ஜோகன்னஸ்பர்க் அடங்கிய மாகாணம்) தொழிலாளி, தன் மனத்தில் உம்சிங்காக்காரராகவே இருந்தாலும், ஏட்டில் கௌட்டெங்வாசிதான்.

மாவட்ட சராசரியும் ஏமாற்றக்கூடியது. டர்பனுக்கு வடக்கே உள்ள இலெம்பே மாவட்டம் அதே பத்தாண்டில் மிதமாகவே வளர்ந்தது. ஆனால் அதனுள் அடங்கிய குவாடுகுசா (நம் பழைய ஸ்டேங்கரும் பாலிட்டோவும் உள்ள நகராட்சி) சுமார் 1.6 லட்சத்திலிருந்து 2.3 லட்சமாக உயர்ந்தபோது, பக்கத்திலிருக்கும் மபுமுலோவும் இந்துவெத்துவேயும் மக்களை இழந்தன. கடலோரக் கரும்புக் காடுகள் வீட்டுமனைகளானதும், 2010-இல் லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறக்கப்பட்டதும் கடலோரத்தின் பக்கமே தராசைச் சாய்த்தன. மலைப்பக்கத்துக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. என்னைக் கேட்டால், மாவட்டத்தை விட்டுவிட்டு நகராட்சி வாரியாகப் பார்ப்பதே பயனுள்ளது.

கேள்வி: கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு எங்கள் பெற்றோர் வெளியேற்றப்பட்டார்களே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா? – வாசகர், டொங்காட்

பதில்: வராது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் அத்தனை குடும்பங்கள் வேரோடு பெயர்க்கப்பட்டாலும், இரண்டு இடங்களும் இன்றைய எத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சிக்குள்ளேயே இருப்பதால், மாவட்ட எல்லையைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணும் அட்டவணையில் அவர்கள் அசையாதவர்களே. அதேவேளை, நீங்கள் எத்தெக்வினிக்குள் இருக்கும் டொங்காட்டிலிருந்து இலெம்பேயில் இருக்கும் ஸ்டேங்கருக்குக் குடிபோனால், தூரம் குறைவாயினும், மாவட்டம் மாறியவராவீர்கள். இதற்கு நேர்மாறாக, 2016-இல் உகு மாவட்டத்தின் வுலமெஹ்லோ நகராட்சி பிரிக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி எத்தெக்வினியுடன் சேர்க்கப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் வாசற்படி தாண்டாமலே மாநகரத்தார் ஆனார்கள். ஆகையால் 2011, 2022 கணக்கெடுப்புகளை ஒப்பிடுவோர் எல்லைகளை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.