விக்கிப்பீடியாவில் குற்றம் பற்றி எழுதும்போது ஒருவரின் இனத்தைக் குறிப்பிடலாமா? சான்று இருந்தும் நீக்கினால் அது தணிக்கை ஆகாதா?

அந்த இனப் பெயர் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் எந்த வேலையும் செய்யாது, பழியை மட்டும் பரப்பும்.

வழக்குகள் தொடர்பான கட்டுரைகளைத்தான் நான் அதிகம் தொகுக்கிறேன். புதிதாக வருபவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: "நான் பொய் எழுதவில்லையே, செய்தியிலேயே இருக்கிறதே." ஒருவர் திருடினார் என்பதற்கு ஒரு சான்று இருக்கும். அவர் இன்ன இனத்தவர் என்பதற்கு இன்னொரு சான்று இருக்கும். இரண்டையும் ஒட்டி வைத்தால், அந்த இனத்தில் பிறந்ததால் திருடினார் என்ற மூன்றாவது செய்தி வாசகர் மனதில் தானாக உருவாகிவிடும். அதற்குச் சான்று எங்கே? எந்தச் சான்றும் சொல்லாத முடிவைத் தொகுப்பவரே உருவாக்குவதை விக்கிப்பீடியா 'சொந்த ஆய்வு' என்று சொல்லி ஏற்க மறுக்கிறது. ஆகவே அதை நீக்குவது தணிக்கை இல்லை.

சந்தேகம் வந்தால், பெரும்பான்மை இனத்தவர் ஒருவர் அதே குற்றத்தைச் செய்த கட்டுரையைத் திறந்து பாருங்கள். பெயர், வயது, தொழில் எல்லாம் இருக்கும். இனம் அநேகமாக இருக்காது. அங்கே தேவைப்படாதது இங்கே மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

அதற்காக எல்லா இடத்திலும் இனத்தை அழிக்கவும் முடியாது. அமெரிக்க மாஃபியா இத்தாலிய வம்சாவளியினரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்த அமைப்பு, அதைச் சொல்லாமல் அதன் வரலாற்றை எழுத முடியாது. 1994 ருவாண்டா இனப்படுகொலையில் இனமே குற்றத்தின் காரணம். ஆனால் அங்கேயும் சொல்லும் விதம் முக்கியம். "ஹூட்டுக்கள் டுட்சிகளைக் கொன்றார்கள்" என்று எழுதினால் ஒரு முழு இனமும் கொலைகாரராகிவிடுகிறது. கொன்றவர்கள் யார் என்று துல்லியமாக எழுத வேண்டும்: ஹூட்டு தீவிரவாதிகள், இன்டரஹாம்வே ஆயுதக் குழு, ராணுவத்தினர், அவர்களோடு சேர்ந்த பொதுமக்கள். கொல்லப்பட்டவர்களில் மிதவாத ஹூட்டுக்களும் இருந்தார்கள். தொடக்கத்திலேயே கொல்லப்பட்ட பிரதமர் அகத்தே உவிலிங்கியிமானா ஒரு ஹூட்டுதான். துல்லியமாக எழுதினாலே பாதி முத்திரை உதிர்ந்துவிடும்.

எண்கள் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். கைதானவர்களின் எண்ணிக்கையும் குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. போலீஸ் எங்கே அதிகம் ரோந்து போகிறது, யாரை நிறுத்திச் சோதிக்கிறது என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கஞ்சா பயன்படுத்தும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.73 மடங்கு என்று ACLU என்ற அமெரிக்கக் குடிசார் உரிமைகள் அமைப்பு 2013-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கைது அட்டவணையை மட்டும் கட்டுரையில் போட்டு, பயன்பாட்டு விகிதத்தை விட்டுவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கும், கட்டுரை பொய்யாக இருக்கும்.

அப்புறம் பழைய நூல்கள். என்னை அதிகம் கோபப்படுத்துவது இந்த இடம்தான். இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக அறிவித்தது. அந்தக் காலத்து அதிகாரிகள் எழுதிய விவரக் குறிப்புகளிலும் அதே பார்வை இருக்கிறது. சட்டம் 1952-ல் நீங்கிவிட்டது, நூல்கள் நீங்கவில்லை. காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் எடுத்து மேற்கோள் காட்டுவது சுலபம். 1911 பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திலிருந்தும் ஏராளமான பகுதிகள் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குள் வந்திருக்கின்றன. அன்றைய ஆட்சியாளர்கள் அப்படி நினைத்தார்கள் என்பதற்கு இவை நல்ல சான்று. அந்தச் சமூகம் அப்படிப்பட்டது என்பதற்கு இவை சான்றே ஆகாது. "இவர்கள் திருட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள்" என்ற வரியைப் பார்த்தால், சொன்னவர் யார், எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தின் பின்னணியில் என்று சேர்த்து எழுதுங்கள். இன்றைய வரலாற்றாய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் அதே பத்தியில் கொடுங்கள், பத்துப் பத்தி தள்ளி வேண்டாம்.

உயிரோடிருப்பவர் என்றால், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. பகுப்புகளையும், அதாவது கட்டுரையை வகைப்படுத்த அடியில் போடும் தலைப்புகளையும், மறக்காமல் பாருங்கள். கட்டுரையில் நடுநிலையாக எழுதிவிட்டு, அடியில் இனத்தையும் குற்றத்தையும் சேர்த்து ஒரு பகுப்பு போட்டால் செய்த வேலை வீண். பகுப்பில் விளக்கம் சொல்ல இடமே இல்லை.

நீங்கள் நீக்கியதை யாராவது திரும்பச் சேர்ப்பார்கள், அது நடக்கும். மாற்றி மாற்றி மீளமைக்காமல் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். அவரை இனவெறியர் என்று சொல்லாதீர்கள், சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இனத்தையும் இந்தக் குற்றத்தையும் இணைத்துப் பேசும் நம்பகமான சான்று எது என்று மட்டும் கேளுங்கள். அவர் உண்மையிலேயே கொண்டுவந்தால், அந்தச் சான்று சொல்லும் அளவுக்கு, அது சொல்லும் விதத்தில் சேர்த்துவிடுங்கள்.