படம் மங்குவதற்குக் காரணம் லென்ஸ்தானா? – கமரா கேள்வி பதில்

கேள்வி (கோண்டாவில் வாசகர்): அண்மையில் டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்று வாங்கினேன். அதனுடன் 18–55 மில்லிமீற்றர் லென்ஸ் கிடைத்தது. வீட்டு முற்றத்தில் எடுக்கும் படங்கள் நன்றாகவே வருகின்றன. ஆனால் அக்காவின் மகளுடைய சாமத்தியவீட்டில் மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் தெளிவில்லை. இந்த லென்ஸ் சரிவராது, விலை கூடிய லென்ஸ் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முற்றத்து வெளிச்சத்தில் தெளிவாக எடுக்கும் லென்ஸ், மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் பழுதாகி விடுவதில்லை. மாறியது வெளிச்சம். படம் எந்த விதத்தில் மங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் பிடிபட்டு விடும்; அதைப் பார்க்காமல் லென்ஸை மாற்றச் சொல்வது, காய்ச்சல்காரரைத் தொட்டும் பார்க்காமல் மருந்து எழுதுவதற்குச் சமன்.

கமராவின் பின்புறத் திரையில் எல்லாப் படங்களும் கூர்மையாகத்தான் தோன்றும். எனவே படங்களைக் கணினியில் 100 வீத அளவுக்குப் பெருப்பித்துப் பாருங்கள். குத்துவிளக்கின் சுடர் தானாகவே ஆடுமாதலால் அதை நம்பாதீர்கள். நிறைகுடத்துச் செம்பில் மின்னும் ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். அந்தப் புள்ளி ஒரு சிறு கோடாக இழுபட்டு, அதே திசையில் சேலைக் கரையும் தூணின் விளிம்பும் இழுபட்டிருந்தால் அசைந்தது உங்கள் கை. தூணும் செம்பும் கூர்மையாக இருக்க, ஆலாத்தி எடுப்பவர்களின் கைகள் மட்டும் கரைந்திருந்தால் அசைந்தது அவர்கள். நிறைகுடத்துத் தேங்காயின் குடுமி நார் நாராகத் தெரிய, பின்னால் நிற்கும் பிள்ளையின் கண்கள் மெழுகியதுபோல் இருந்தால், கையும் அசையவில்லை, பிள்ளையும் அசையவில்லை. போகஸ் விழுந்த இடம்தான் பிழை.

மண்டபப் படங்களில் முதல் இரண்டு காரணங்களே அதிகம். உங்கள் லென்ஸை 55 மில்லிமீற்றர் வரை நீட்டினால் அதன் அபேச்சர், அதாவது ஒளி புகும் துளை, எஃப் 5.6 இற்கு மேல் திறக்காது. (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்.) 18 மில்லிமீற்றரில் எஃப் 3.5 வரை திறக்கும். அதாவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். தூரத்தில் நின்று நீட்டி எடுக்கும்போது, குறைந்து போன வெளிச்சத்தை ஈடுசெய்யக் கமரா ஷட்டரைக் கூடிய நேரம் திறந்து வைத்து, அதன் வேகத்தை 1/30 செக்கன், 1/20 செக்கன் என்று இறக்கி விடுகிறது. கையில் பிடித்து எடுப்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: லென்ஸின் மில்லிமீற்றரை ஒன்றுக்குக் கீழ் எழுதினால் வருவதே தாங்கக்கூடிய மிகக் குறைந்த வேகம். உங்களுடையதைப் போன்ற சிறிய சென்சர் (படம் பதிவாகும் தகடு) கொண்ட கமராக்களில் அதை ஒன்றரை மடங்காக்கிக் கொள்ள வேண்டும். ஆகவே 55 மில்லிமீற்றருக்கு 1/80 செக்கனுக்குக் கீழே இறங்கக் கூடாது. லென்ஸில் அசைவு தடுப்பு வசதி இருந்தால் இன்னும் சற்றுக் குறைந்த வேகத்திலும் சமாளிக்கலாம். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். தட்டம் ஏந்தி வரும் பெண்களை அது நிறுத்தி வைக்காது.

அடுத்த முறை ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கும் முறைக்குக் கமராவை மாற்றி, ஆட்கள் இருக்கும் படங்களுக்கு 1/125, ஆலாத்திக்கும் தட்டங்கள் வரும் ஊர்வலத்துக்கும் 1/250 என்று வைத்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ. அளவை (ஒளியை உணரும் திறனின் அளவை) ஓட்டோவில் விட்டு, அதன் மேல் எல்லையை 3200 அல்லது 6400 என்று குறித்து விடுங்கள். படத்தில் சிறு மணல்போன்ற துகள்கள் தெரியும் என்று பலர் பயந்து ஐ.எஸ்.ஓ.வைக் கூட்ட மறுக்கிறார்கள். அது தேவையற்ற பயம். துகள்களைக் கணினியில் குறைக்கலாம், அச்சிட்டால் அவை பெரிதாகக் கண்ணில் படவும் மாட்டா. இழுபட்ட படத்தை முழுமையாகத் திருத்தித் தரும் மென்பொருள் ஏதும் இல்லை.

போகஸ் பிழையென்றால், எந்தப் புள்ளியில் போகஸ் செய்வதென்று கமராவே தெரிவு செய்யும்படி விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் அது பெரும்பாலும் தனக்குக் கிட்ட இருப்பதையே பிடித்துக் கொள்ளும். நம்முடைய கொண்டாட்டங்களில் ஆளுக்கு முன்னால் நிறைகுடம், பூத்தட்டு, பலகாரத் தட்டு என்று ஏதாவது ஒன்று இருந்தே தீரும். ஒரேயொரு புள்ளியைத் தெரிவு செய்து, அதைப் பிள்ளையின் கண்ணில், இரண்டில் கிட்ட இருக்கும் கண்ணில், வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். அதன்பின் ஓரடி முன்னால் வைத்தாலும் போகஸ் தவறி விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஐயம் இருந்தால் லென்ஸைச் சோதிக்கலாம். பகல் வெளிச்சம் விழும் சுவரில் பத்திரிகைத் தாள் ஒன்றை ஒட்டி, முக்காலியில் கமராவைப் பொருத்தி, இரண்டு செக்கன் தாமதம் வைத்து, கண்வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துளையால் பார்த்து ஒரு படமும், பின்புறத் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூ முறையில் பார்த்து ஒரு படமும் எடுங்கள். முக்காலியில் இருக்கும்போது அசைவு தடுப்பை நிறுத்தி விடுவது நல்லது. டி.எஸ்.எல்.ஆர். கமராவில் கண்ணாடித் துளையால் பார்க்கும்போது போகஸைக் கணிப்பது தனியான ஓர் உணரி. லைவ் வியூவில் படம் பதிவாகும் சென்சரே அதைச் செய்கிறது. லைவ் வியூ படம் கூர்மையாகவும் மற்றது எப்போதும் மங்கலாகவும் வந்தால் அந்த உணரிக்கும் லென்ஸுக்கும் பொருத்தம் இல்லை; உத்தரவாதக் காலத்துக்குள் திருத்தக் கொடுக்கலாம். இரண்டிலும் தாளின் ஒரு பக்க எழுத்துகள் மட்டும் மங்கினால், தாளும் கமராவும் நேருக்கு நேர் இருந்தனவா என்று பார்த்து மீண்டும் எடுங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கினால்தான் லென்ஸின் உள்ளே ஏதோ சரிந்திருக்கிறது. லென்ஸின் முன்னால் மலிவான பில்டர் ஏதும் பூட்டியிருந்தால், சோதனைக்கு முன்பே அதைக் கழற்றி விடுங்கள்.

காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். அதன் விலை குறைவு. முழுமையாகத் திறந்தால் உங்கள் லென்ஸ் 55 இல் தருவதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும். ஆனால் ஒன்றரை மீற்றர் தூரத்தில் எஃப் 1.8 இல் எடுத்தால் ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் ஆழம் மட்டுமே கூர்மையாக இருக்கும். சற்றுத் திரும்பி நிற்கும் பிள்ளையின் ஒரு கண் தெளிந்து மறு காதின் தோடு மங்கும். இருவர் சேர்ந்து நின்றால் எஃப் 4 இற்காவது மாற்றுங்கள்.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியில் பறவைகளை 300 மில்லிமீற்றர் லென்ஸால் 1/1000 செக்கனில் எடுக்கிறேன். முக்காலியும் உண்டு. அப்படியிருந்தும் பறவையின் இறகு ஒன்றாவது தெளிவாக விழுவதில்லை. ஏன்?

பதில்: எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று எழுதவில்லை, காலை பத்து மணிக்குப் பிந்திய படங்களாக இருக்கும் என்று எண்ணுகிறேன். வெயில் ஏறச் சூடாகும் நிலத்துக்கும் சேற்றுக்கும் மேலே உள்ள காற்று, இடத்துக்கிடம் வெப்பம் மாறுபட்டு ஓயாமல் அசைகிறது. அதனூடே வரும் ஒளி ஒவ்வொரு கணமும் சற்றுச் சற்றாக வளைகிறது. தார் வீதியில் நண்பகலில் தெரியும் அதே கானல்தான் இது. நீண்ட லென்ஸ் பறவையைப் பெருப்பிக்கும்போது இந்த அசைவையும் சேர்த்தே பெருப்பிக்கிறது. எந்த லென்ஸும், எந்த வேகமும் இதற்கு மருந்தாகா. ஒரே பறவையைத் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக மங்கி, இடையில் ஒன்று மட்டும் ஓரளவு தெளிந்திருந்தால் காரணம் காற்றுத்தான். விடிந்தவுடன் போங்கள், தூரத்தைக் குறையுங்கள். பறவைகள் கூடும் சுண்டிக்குளத்துக்குப் போவதாக இருந்தாலும் இதே நேரக் கணக்குத்தான்.

கேள்வி (மானிப்பாய் வாசகி): குளிரூட்டிய வான் வண்டியில் காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போய், இறங்கியவுடன் எடுத்த படங்கள் எல்லாம் பனிமூட்டத்தில் எடுத்தவைபோல் இருக்கின்றன. கமரா பழுதா?

பதில்: இல்லை. குளிர்ந்திருந்த லென்ஸில் கடற்கரையின் ஈரக்காற்று பட்டு நீராகப் படிந்திருக்கிறது. இறங்குவதற்கு முன் கமராவைப் பொலித்தீன் பைக்குள் இட்டு இறுகக் கட்டி, அது வெளி வெப்பநிலைக்கு வரும்வரை அரை மணித்தியாலமாவது பொறுத்திருந்து எடுங்கள். அவசரப்பட்டுச் சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள். கடற்கரையில் உப்பும் நுண்மணலும் சேர்ந்திருக்கும், துடைத்தால் கண்ணாடி கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு லென்ஸுக்குரிய மென்துணியால் துடைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பின் ஈரத்தோடு தோல் உறைக்குள் வைத்து மூடினால் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மாரி காலத்தில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள்.