எல்லாரும் சொன்னால் சுவர் வெளுத்துவிடுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வாசலிலிருந்து உள்ளே போகும் நடை நீளமாக, குறுகலாக இருக்கிறது. பகலிலும் இருட்டு. எல்லாரும் வெள்ளை பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்கள். அழகுக்கு வேறு என்ன வைக்கலாம்?

பதில்: யார் இந்த எல்லாரும்? நானும் பல வருஷமாகத் தேடுகிறேன், ஆள் அகப்படவே மாட்டேன் என்கிறார். வெள்ளை அடிக்கச் சொல்வது அவர்தான். பிள்ளைகள் எதைப் படிக்கலாம் என்று தீர்மானிப்பதும் அவர்தான். இந்தப் பத்திரிகையில் எழுத்தைக் குறைத்துப் படத்தைக் கூட்டச் சொல்வதும் சாட்சாத் அவரேதான். எங்கள் வடிவமைப்பாளர் ஒருநாள் வந்து, "எல்லாரும் சாம்பல் நிற எழுத்துக்குப் போய்விட்டார்கள் சார்" என்றார். வெள்ளைத் தாளில் மெல்லிசாகச் சாம்பல் எழுத்து! இதழ் வெளிவந்ததும் கண்ணைச் சுருக்கிப் படித்த வாசகர்கள் திட்டி எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன், கீழே "இப்படிக்கு, எல்லாரும்" என்று ஒரு கையெழுத்துகூட இல்லை. யோசனை சொல்ல மட்டும் வருவார். பெயிண்ட் கடையில் காசு எடுக்கும் நேரத்தில் பாருங்கள், ஆள் இருக்கமாட்டார்.

சரி, வெள்ளைக்கு வருவோம். வெள்ளை பெயிண்ட் தானாக வெளிச்சம் போடாது, மேலே விழுந்ததைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். சில பெயிண்ட் கம்பெனிகளின் நிற அட்டையில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சுத்தக் கறுப்புக்கு 0, சுத்த வெள்ளைக்கு 100. அது 85 என்றால் விழுகிற வெளிச்சத்தில் 85 சதவீதம் திரும்பி வரும். உங்கள் நடையில் ஜன்னலே இல்லையென்றால் விழுவதே சொற்பம், அதில் 85 சதவீதம் வந்து என்ன, வராமல் என்ன? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கடை வெளிச்சத்தில் பளீரென்று இருந்த வெள்ளை உங்கள் வீட்டுக்கு வந்ததும் மூலைகளில் சாம்பல் தட்டித் தெரிவது இதனால்தான் (சாம்பலுக்கும் எனக்கும் ராசியில்லை).

ஆகவே முதல் செலவு விளக்குக்கு. நடுக்கூரையில் ஒரே பல்பைத் தொங்கவிட்டால் அதன் அடியில் நிற்பவரின் மண்டை மட்டும் பிரகாசிக்கும், இரண்டு கோடியும் இருட்டாகவே கிடக்கும். அந்த ஒன்றை இரண்டு மூன்று சின்ன விளக்குகளாகப் பிரித்து, வெளிச்சம் தரையில் விழாமல் சுவரில் விழும்படி வையுங்கள். நடந்து போகிறவன் கண்ணுக்கு எதிரே இருப்பது சுவர்தான், அது வெளிச்சமாக இருந்தால் இடமே வெளிச்சமாகத் தெரியும். பல்பு டப்பாவில் கெல்வின் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 2700 முதல் 3000 வரை என்றால் இளமஞ்சள், 6500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. வீட்டு நடைக்கு நான் முதல் கட்சி. அப்புறம், டூ-வே ஸ்விட்ச், அதாவது ஒரே விளக்கை நடையின் இரண்டு முனையிலிருந்தும் போட்டு அணைக்கும் ஏற்பாடு. நீள நடைக்கு ஒரே முனையில் ஸ்விட்ச் வைத்துவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே நிறைய எழுதி, "போதும், விடுங்கள்" என்று வசவும் வாங்கியிருக்கிறேன். விடமாட்டேன். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதற்கா விளக்குப் போட்டோம்?

அடுத்து எல்லாரும் கண்ணாடி மாட்டச் சொல்வார். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் 1684இல் முடித்த கண்ணாடிக் கூடம் இருக்கிறதே, 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள், அதுவும் ஒரு நடைதான். ராஜா பக்கத்திலிருந்து ராணி பக்கத்துக்குப் போகிற வழி. அந்தக் காலத்தில் நல்ல கண்ணாடி என்றால் வெனிஸ்தான். தொழில் ரகசியம் வெளியே போகாமல் அவர்கள் கட்டிக் காத்துக்கொண்டிருக்க, பிரெஞ்சுக்காரர்கள் 1665இல் சொந்தத் தொழிற்சாலை தொடங்கி, அங்கேயிருந்து கைவினைஞர்களை ஆசைகாட்டி இழுத்து வந்தார்கள். அந்தத் தொழிற்சாலையின் வாரிசான கம்பெனி இன்றும் உலகமெல்லாம் கண்ணாடி விற்கிறது. ஆள் கடத்தலில் ஆரம்பித்து இவ்வளவு மரியாதையாக வாழ்கிற கம்பெனிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். விஷயம் என்னவென்றால், கண்ணாடி பதித்த 17 வளைவுகளுக்கும் எதிரே தோட்டத்தைப் பார்த்து 17 ஜன்னல்கள் இருக்கின்றன. வேலை செய்வது ஜன்னல். உங்கள் கண்ணாடிக்கு எதிரே செருப்பு அலமாரி இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு செருப்பு அலமாரி.

அழகுக்கு என்ன வைக்கலாம் என்றுதானே கேட்டீர்கள்? தரையில் ஒன்றும் வைக்காதீர்கள். நடக்க 90 சென்டிமீட்டராவது வேண்டும். இருட்டில் செடி வாடிப்போகும். படம் மாட்டுங்கள், ஒரே வரிசையில், படத்தின் நடு உங்கள் கண் மட்டத்துக்கு வரும்படி. ஸ்விட்சைச் சுற்றி விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும், பை உரசி உரசி இடுப்பு உயரத்தில் ஒரு கோடு நடை நெடுக ஓடும். போய்ப் பாருங்கள், நிச்சயம் இருக்கும். அதனால் எந்த நிறம் அடித்தாலும் ஈரத்துணியால் துடைக்கக்கூடிய பெயிண்டாக அடியுங்கள்.

நடையை ஒட்டிய அறைகளில் ஜன்னல் இருக்குமே, அந்த வெளிச்சத்தைக் கதவை மூடித் தடுத்து வைத்திருப்பீர்கள். கதவின் மேல்பாதிக்குப் பனிக்கண்ணாடி போட்டால் பகலில் பல்பே தேவைப்படாமல் போகலாம். எந்த அறைக் கதவு என்று நீங்கள் எழுதவில்லை. குளியலறை என்றால் கதவுக்கு மேலே வென்டிலேட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.